முதல் கம்ப்யூட்டர்: எந்தப் பாகத்துக்கு எவ்வளவு காசு?

பகலில் எலுமிச்சை மண்டிக் கணக்கு, கல்லூரிப் பாடம், ஜிஎஸ்டி ரிட்டர்ன். ராத்திரி கொஞ்ச நேரம் விளையாட்டு. இரண்டுக்கும் ஒரே கம்ப்யூட்டர், அதுவும் கைக்கு அடக்கமான விலையில். புளியங்குடியில் முதல் கம்ப்யூட்டர் வாங்க நினைக்கிற பல வீடுகளின் தேவை இதுதான். அதை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதை ஒவ்வொரு பாகமாகப் பார்ப்போம். கம்ப்யூட்டரைத் திறந்தே பார்த்ததில்லை என்றாலும் கவலை வேண்டாம்.

ஒரு விஷயத்தை மட்டும் முதலிலேயே மனதில் போட்டுக்கொள்ளுங்கள். சில பாகங்களை நாளைக்குக் கூட ஐந்து நிமிடத்தில் சேர்த்துவிடலாம். சிலவற்றை மாற்ற வேண்டுமென்றால் மொத்தத்தையும் பிரிக்க வேண்டும். முதல் வகையைத் தள்ளிப்போடலாம். இரண்டாம் வகையில் இன்றைக்கே நல்லதாக வாங்குங்கள்.

லேப்டாப் வாங்கினால் ஆகாதா?

வெளியூர் விடுதியில் தங்கிப் படிக்கிற பிள்ளைக்கு லேப்டாப்தான் சரி. கல்லூரியில் அரசு லேப்டாப் கிடைத்திருந்தால் டைப்பிங், எக்செல், பாடத்துக்கு அதுவே போதும். அவசரப்பட்டு இன்னொன்று வாங்க வேண்டாம்.

ஆனால் வீட்டிலேயே இருக்கப்போகிற கம்ப்யூட்டர், அதில் விளையாட்டும் வேண்டும் என்றால், அதே காசுக்கு மேசைக் கம்ப்யூட்டர் கூடுதல் வேகம் தரும். ஒரு பாகம் போனால் அதை மட்டும் மாற்றலாம். சர்வீஸ் சென்டருக்காக மதுரைக்கோ திருநெல்வேலிக்கோ பஸ் ஏறுகிற ஊரில் இது சின்ன வசதி இல்லை.

‘ஐ7, 16 ஜிபி, கிராபிக்ஸ் கார்டோட’ பாதி விலைக்குத் தருகிறார்களே?

இப்படி விளம்பரம் வந்தால் ஒரு கேள்வி கேளுங்கள்: “எந்த ஜெனரேஷன்?” ஐ7 என்பது இன்டெல் புராசஸரின் (கணக்குகளைச் செய்யும் முதன்மைச் சில்லு) ரகப் பெயர் மட்டுமே. எந்த ஆண்டுச் சரக்கு என்பது அதற்குப் பின்னால் வரும் எண்ணில்தான் இருக்கிறது.

உதாரணமாக, இப்படி விற்கப்படும் செட்டுகளில் அடிக்கடி தென்படுவது ஐ7-3770. முதல் எண் 3. அதாவது மூன்றாம் ஜெனரேஷன். 2012-ல் வந்தது. ஐ3-12100 என்பதில் முதல் இரண்டு எண்கள் 12, பன்னிரண்டாம் ஜெனரேஷன். 2022-ல் வந்தது. இரண்டுக்குள்ளும் நான்கு கோர்கள்தான் (கோர் என்றால் தனித்தனியாக வேலை பார்க்கும் பகுதி). ஆனாலும் அந்த ‘சின்ன’ ஐ3 பழைய ஐ7-ஐப் போல ஏறக்குறைய இருமடங்கு வேலை பார்க்கும், அதுவும் குறைந்த மின்சாரத்தில்.

வேகத்தைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. விண்டோஸ் 10-க்கான மைக்ரோசாஃப்டின் ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு இன்டெல் என்றால் எட்டாம் ஜெனரேஷன் அல்லது அதற்கு மேல், ஏஎம்டி என்றால் ரைசன் 2000 வரிசை அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும் என்பது மைக்ரோசாஃப்டின் விதி. பழைய செட்டிலும் விண்டோஸ் 11-ஐக் குறுக்கு வழியில் ஏற்றித் தருவார்கள். ஆனால் வேலோரன்ட் போன்ற விளையாட்டு விண்டோஸ் 11-ல் டிபிஎம் 2.0 (கம்ப்யூட்டருக்குள் இருக்கும் பாதுகாப்பு அமைப்பு) இல்லாமல் திறக்காது. வாங்கின முதல் வாரமே பிள்ளை முகம் வாடிப்போகும்.

அந்த செட்டில் வரும் கிராபிக்ஸ் கார்டு (திரைக் காட்சிகளை உருவாக்கும் தனிப் பாகம்) பெரும்பாலும் ஜிடி 710 அல்லது ஜிடி 730. இரண்டும் பத்து வருடப் பழசு. திரையில் படம் காட்டும், அவ்வளவுதான். இன்றைய விளையாட்டுக்கு ஆகாது.

சரி, எந்த புராசஸர் வாங்குவது?

புராசஸர் தேர்வு, கிராபிக்ஸ் கார்டை இப்போதே வாங்குகிறீர்களா, பிறகா என்பதைப் பொறுத்தது.

பிறகு என்றால் ரைசன் 5 5600ஜி பாருங்கள். 2021-ல் வந்தது, ஆறு கோர், உள்ளேயே கிராபிக்ஸ் உண்டு. பெயரின் கடைசியில் இருக்கும் ‘ஜி’ அதைத்தான் சொல்கிறது. வேலோரன்ட், ஜிடிஏ 5 போன்றவற்றைச் செட்டிங்கைக் குறைத்து வைத்தால் தனிக் கார்டு இல்லாமலே விளையாடலாம். டேலி, எக்செல், போட்டோஷாப் எல்லாம் தாராளமாக ஓடும். கூடுதல் காசு இருந்தால் ரைசன் 5 8600ஜி இன்னும் நல்லது. ஆனால் அதற்குரிய போர்டும் ரேமும் விலை கூடுதல்.

இப்போதே கார்டும் சேர்த்து என்றால் ஐ3-12100எஃப், ஐ5-12400எஃப், ரைசன் 5 5600 ஆகிய மூன்றில் ஒன்று. இன்டெல் பெயரில் கடைசியில் ‘எஃப்’ இருந்தால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. ரைசன் 5600-லும் கிடையாது. கார்டு இல்லாமல் இவற்றை வாங்கி வந்தால் திரையில் ஒன்றுமே வராது. ‘எஃப்’ கொஞ்சம் மலிவு என்பதால் இதைக் கவனிக்காமல் வாங்கிவிடுகிறவர்கள் உண்டு.

கிராபிக்ஸ் கார்டு கட்டாயமா?

பிள்ளை எதை விளையாடப்போகிறான் என்று உட்கார்ந்து கேளுங்கள். தமிழ்க் குடும்பத்தின் சமையலறையை வைத்து டொராண்டோவில் உருவாக்கி 2023-ல் வெளியான ‘வெண்பா’ போன்ற சின்ன விளையாட்டுகளுக்கு உள்ளிருக்கும் கிராபிக்ஸே அதிகம். புதிதாக வரும் பெரிய விளையாட்டுகளுக்குத் தனிக் கார்டு வேண்டும்.

வாங்குவதானால் 8 ஜிபி நினைவகம் உள்ளதாகப் பாருங்கள். ரேடியான் ஆர்எக்ஸ் 6600 இந்தத் தேவைக்குப் பொருத்தமானது. 132 வாட் எடுக்கும். கல்யாண வீடியோ எடிட்டிங், பிளெண்டர் போன்ற முப்பரிமாண மென்பொருள் வேலையும் உண்டென்றால் என்விடியா பக்கம் போங்கள். அந்த மென்பொருள்கள் அதோடுதான் நன்றாகப் பழகியிருக்கின்றன. ஆர்டிஎக்ஸ் 3050-ன் 6 ஜிபி வடிவம் 70 வாட்தான், தனியாக மின்வயர்கூட வேண்டாம். ஆனால் அதே பெயரில் உள்ள 8 ஜிபி கார்டைவிட வேகம் குறைவு. இரண்டும் ஒன்றென்று நினைத்துவிடாதீர்கள்.

பழைய கார்டு வாங்கலாமா? இரவு பகலாக கிரிப்டோ சுரங்க வேலையில் ஓடிய கார்டுகள், 2022 செப்டம்பரில் எத்தீரியம் நாணயம் கார்டு தேவைப்படாத முறைக்கு மாறியதும் மொத்தமாகச் சந்தைக்கு வந்தன. ஆர்எக்ஸ் 580 போன்றவை இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. கண் முன்னால் ஒரு மணி நேரம் விளையாட்டு ஓட்டிக் காட்டினால் யோசிக்கலாம். போட்டோவை மட்டும் பார்த்துப் பணம் அனுப்பாதீர்கள். என் யோசனை: முதல் வருடம் 5600ஜியோடு ஓட்டுங்கள், கார்டு காசைச் சேர்த்து வையுங்கள். கார்டு என்பது நாளைக்கும் செருகக்கூடிய பாகம்.

ரேம் விலை ஏன் இப்படி ஏறிக் கிடக்கிறது?

2025 கடைசியிலிருந்து ரேம் (ஓடிக்கொண்டிருக்கும் வேலையைத் தாங்கும் தற்காலிக நினைவகம்) விலை உலகம் முழுக்க ஏறியது. செயற்கை நுண்ணறிவுக்கான பெரிய சர்வர் கூடங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டு போவதுதான் காரணம். குருஷியல் என்ற பெயரில் ரேம் விற்றுவந்த மைக்ரான் நிறுவனம், வீட்டு வாடிக்கையாளர்களுக்கான அந்த வியாபாரத்தையே நிறுத்துவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. கடைக்காரர் சொல்லும் விலை நேற்றையதைவிடக் கூடுதல் என்றால் அவர் ஏமாற்றுகிறார் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எவ்வளவு வேண்டும்? 16 ஜிபி. அதையும் ஒரே குச்சியாக வாங்காமல் 8 ஜிபி குச்சி இரண்டாக வாங்குங்கள். மண்டியில் ஒரே வாசல் வழியாக மூட்டை இறக்குவதற்கும் இரண்டு வாசல் வழியாக இறக்குவதற்கும் உள்ள வித்தியாசம் அது. 5600ஜியில் உள்ளிருக்கும் கிராபிக்ஸ் ரேமைத்தான் பயன்படுத்துகிறது. ஒற்றைக் குச்சியில் விளையாட்டு கண்ணுக்குத் தெரிகிற அளவு தடுமாறும்.

பழைய ரேம் வாங்கலாமா? எனக்கு ஆட்சேபணை இல்லை. கெட்டுப்போவது அரிது, சோதித்துப் பார்ப்பதும் சுலபம். டிடிஆர்4 போர்டுக்கு டிடிஆர்4, டிடிஆர்5 போர்டுக்கு டிடிஆர்5 என்பதில் மட்டும் கவனம். ஒன்று மற்றதில் செருகாது.

போர்டில் எதைப் பார்ப்பது?

மதர்போர்டு (எல்லாப் பாகமும் செருகப்படும் தட்டு) மாற்ற வேண்டுமென்றால் மொத்தத்தையும் பிரிக்க வேண்டும். ஆகவே கடையிலேயே மலிவான போர்டு வேண்டாம். 5600ஜிக்கு பி550, பன்னிரண்டாம் ஜெனரேஷன் இன்டெலுக்கு பி660 அல்லது பி760 வகை நல்லது. ரேமுக்கு நான்கு இடம், எம்.2 எஸ்எஸ்டிக்கு (கோப்புகள் நிரந்தரமாகத் தங்கும் சேமிப்பகம்) இரண்டு இடம் இருந்தால் பின்னால் கூட்டிக்கொள்ள வசதி.

எஸ்எம்பிஎஸ்-ஸில் ஏன் கவனம் வேண்டும்?

கேபினெட்டோடு இலவசமாக வரும் எஸ்எம்பிஎஸ்-ஸை (வீட்டுக் கரண்டைக் கம்ப்யூட்டருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பெட்டி) நம்பிக் கிராபிக்ஸ் கார்டு போடாதீர்கள். அது போகும்போது தனியாகப் போகாமல் போர்டையும் கார்டையும் சேர்த்துக் கொண்டுபோகக் கூடும்.

கடையிலேயே ஒரு சோதனை செய்யலாம். பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் அட்டவணையைப் பாருங்கள். பெரிய எழுத்தில் 450 வாட் என்றிருக்கும். அதை விட்டுவிடுங்கள். ‘+12 வோல்ட்’ என்ற கட்டத்தின் கீழ் எத்தனை ஆம்பியர் என்று போட்டிருக்கிறது? புராசஸரும் கார்டும் சாப்பிடுவது அந்த 12 வோல்ட்டைத்தான். அங்கே 14 ஆம்பியர் என்றிருந்தால் 12 × 14 = 168 வாட். வெளியே 450 என்று எழுதிய பெட்டி உண்மையில் உங்களுக்குத் தருவது அவ்வளவுதான். அதே இடத்தில் 36 ஆம்பியர் இருந்தால் 432 வாட். அதுதான் நிஜமான 450 வாட் பெட்டி.

ஆர்எக்ஸ் 6600-உம் 65 வாட் வகைப் புராசஸரும் உள்ள கம்ப்யூட்டர் மொத்தமாக 250 வாட்டைச் சுற்றித்தான் எடுக்கும். நல்ல 550 வாட் பெட்டி வாங்கினால் அடுத்த கார்டுக்கும் தாங்கும். ‘80 பிளஸ்’ முத்திரை, ஐந்து வருட வாரண்டி இரண்டும் இருக்கிறதா என்று பாருங்கள். இந்த முத்திரை மின்சாரம் வீணாவது குறைவு என்பதற்கான சான்று மட்டுமே. வாரண்டிதான் தயாரித்தவரின் நம்பிக்கையைக் காட்டும்.

கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்று அடிக்கிறதே?

இதை ‘எல்லா வீட்டிலும் இருக்கிறதுதான்’ என்று விட்டுவிடுகிறார்கள். விடக்கூடாது. எஸ்எம்பிஎஸ்-ஸுக்குள் இரைச்சலை வடிக்கும் சிறு பாகங்கள் உண்டு. அவற்றின் வழியாகக் கசியும் துளி மின்சாரம் எர்த் வழியாகப் பூமிக்குப் போக வேண்டும். எர்த் இல்லையென்றால் கேபினெட் உலோகத்தில் 230-ல் பாதி, அதாவது 115 வோல்ட் அளவுக்கு நிற்கும். மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் சுருக்கென்று குத்துவதோடு நிற்கிறது. ஆனால் அதே நிலையில் எச்டிஎம்ஐ வயரைச் செருகும்போது மானிட்டரோ டிவியோ பழுதாகலாம். கசிவு கூடுதலாக இருந்தால் ஆளுக்கும் ஆபத்து.

கம்ப்யூட்டர் வரும் முன்பே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, அது நிற்கப்போகும் பிளக்கில் எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். மூன்று முள் பிளக்கை இரண்டு முள் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகினால் எர்த் அங்கேயே அறுந்துபோகும்.

வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது, யுபிஎஸ் வேறு வேண்டுமா?

இன்வெர்ட்டர் எந்த வகை என்பதைப் பொறுத்தது. மலிவான ‘ஸ்கொயர் வேவ்’ இன்வெர்ட்டரோடு நல்ல எஸ்எம்பிஎஸ்கள் சில ஒத்துப்போகாது. சத்தம் போடும், அணைந்துபோகும். ‘சைன் வேவ்’ என்றால் பிரச்சனை இல்லை.

இன்னொன்று, மாறும் நேரம். கரண்ட் போன பிறகு எஸ்எம்பிஎஸ் தாக்குப்பிடிப்பது ஒரு வினாடியில் ஐம்பதில் ஒரு பங்குகூட இல்லை. இன்வெர்ட்டரின் பின்னால் ‘யுபிஎஸ்’ என்று ஒரு சுவிட்ச் இருந்தால் அதைப் போட்டு வையுங்கள். அப்போது சீக்கிரம் மாறும். அப்படியும் ரீஸ்டார்ட் ஆனால் தனி யுபிஎஸ் வாங்குங்கள்.

யுபிஎஸ் அட்டையில் 600 விஏ என்று போட்டிருக்கும். அது வாட் அல்ல. பெரும்பாலும் 360 வாட்தான் தரும். கார்டு இல்லாத கம்ப்யூட்டருக்கு அது போதும். கார்டு உண்டென்றால் 1000 விஏ பாருங்கள். எதை வாங்கினாலும் சில நிமிடங்கள்தான் நிற்கும். கணக்கைச் சேமித்து ஒழுங்காக அணைப்பதற்கு மட்டுமே அது. தொடர்ந்து விளையாட அல்ல.

ஐப்பசி மழையிலும் சித்திரை கோடை மழையிலும் இடி இறங்கினால் பிளக்கைக் கழற்றுங்கள். கூடவே இன்டர்நெட் வயரையும் கழற்றுங்கள். தெருக் கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் வயர் வழியாக மின்னல் அதிர்ச்சி ஏறிப் போர்டில் உள்ள நெட் போர்ட் கருகுவது, மின்சார வழியை மட்டும் காப்பாற்றினவர்களுக்கு நேர்கிற நஷ்டம்.

மிச்சம் என்னென்ன?

எஸ்எஸ்டி 500 ஜிபி, எம்.2 என்விஎம்இ வகை. பெரிய விளையாட்டு ஒன்றே 100 ஜிபி பிடிக்கும் காலம் இது. முடிந்தால் 1 டிபி.

கேபினெட்டில் வண்ண விளக்கைவிட முன்பக்கம் வலையாக இருக்கிறதா என்று பாருங்கள். முன்னால் முழுக் கண்ணாடி என்றால் காற்று போகாது. ஆடி மாதக் காற்றில் தூசு ஏறும் ஊர். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை திறந்து ஊதித் துடையுங்கள்.

மானிட்டருக்கு அவசரமில்லை. வீட்டு எல்இடி டிவியில் எச்டிஎம்ஐ இருந்தால் கொஞ்ச நாள் அதிலேயே ஓட்டலாம். எழுத்து வேலை அதிகம் என்றால் மட்டும் 22 அல்லது 24 அங்குல மானிட்டர் கண்ணுக்கு நல்லது.

விண்டோஸுக்கும் கணக்கில் காசு ஒதுக்குங்கள். கடையில் ஏற்றித் தரும் திருட்டு விண்டோஸில் வங்கிக் கணக்கையும் ஜிஎஸ்டி பாஸ்வேர்டையும் போடுவது ஆபத்து. லினக்ஸ் இலவசம், லிப்ரே ஆபீஸும் இலவசம். ஆனால் வேலோரன்ட் லினக்ஸில் ஓடாது.

எங்கே வாங்குவது, பில் அவசியமா?

தென்காசி, சங்கரன்கோவில், திருநெல்வேலி, மதுரைக் கடைகளில் விலை கேளுங்கள், ஆன்லைன் விலையோடு ஒப்பிடுங்கள். சென்னையில் சொந்தக்காரர் இருந்தால் ரிச்சி தெருவில் விசாரிக்கச் சொல்லலாம். விலை வித்தியாசம் சின்னதாக இருந்தால் பக்கத்துக் கடைக்கே என் ஓட்டு. பழுதென்றால் கொண்டுபோய்க் கொடுக்க ஓர் இடம் இருக்கும்.

“பில் இல்லாமன்னா கொறச்சித் தாரேன் தம்பி” என்பார்கள். கம்ப்யூட்டர் பாகங்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் புராசஸருக்கும் போர்டுக்கும் பொதுவாக மூன்று வருட வாரண்டி உண்டு. அதைக் கேட்கப் பில்லும் சீரியல் எண்ணும் வேண்டும். ஒவ்வொரு பாகமும் சீரியல் எண்ணோடு தனித்தனி வரியாக இருக்கட்டும். ‘அசெம்பிள்டு சிஸ்டம் 1’ என்று ஒற்றை வரியில் எழுதிய பில் வாரண்டிக்கு உதவாது. பெயரில் ஜிஎஸ்டி எண் உள்ள மண்டியோ கடையோ, தொழிலுக்காக வாங்கினால் கட்டின வரியைக் கழித்துக்கொள்ளவும் வழி உண்டு, ஆடிட்டரைக் கேளுங்கள்.

“துபாய்ல இருந்து மச்சான் வாங்கிட்டு வரட்டுமா?” என்ற கேள்வி இங்கே எந்த வீட்டிலும் வரும். லேப்டாப் என்றால் ஒருவருக்கு ஒன்று சுங்கத்தில் தனிச் சலுகை உண்டு. கிராபிக்ஸ் கார்டுக்கு அந்தத் தனிச் சலுகை கிடையாது. மற்ற சாமான்களோடு பொது வரம்புக்குள் வர வேண்டும். அங்கே வாங்கிய பாகத்துக்கு இங்கே வாரண்டி பெரும்பாலும் செல்லாது. பாதுகாப்பாகக் கொண்டுவரக்கூடியது ரேம்தான். இடம் பிடிக்காது, அதிகம் கெடாது.

ஆன்லைனில் வாங்கினால் பார்சல் உறையைக் கிழிப்பதிலிருந்து பாகத்தின் சீரியல் எண் தெரிகிற வரை நிறுத்தாமல் வீடியோ எடுத்து வையுங்கள். உள்ளே வேறு பொருள் இருந்தால் அதுதான் உங்கள் சாட்சி.

கரண்ட் பில் எவ்வளவு ஏறும்?

கார்டோடு விளையாடும்போது மானிட்டரும் சேர்த்து 250 வாட், எழுத்து வேலையில் 80 வாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு மணி நேர விளையாட்டு, மூன்று மணி நேர வேலை என்றால் முக்கால் யூனிட் போல ஆகும். இரண்டு மாத ரீடிங்குக்கு 45 யூனிட். இலவச யூனிட் வரம்புக்குள் இதுவரை அடங்கிய வீடு இனி அதைத் தாண்டலாம். கார்டு இல்லாத 5600ஜி என்றால் ஏறக்குறைய பாதிதான் ஏறும்.

வீட்டுக்கு வந்த முதல் நாள் என்ன பார்ப்பது?

விண்டோஸில் ‘டாஸ்க் மேனேஜர்’ திறந்து ‘பெர்ஃபார்மன்ஸ்’ பக்கத்துக்குப் போங்கள். புராசஸரின் பெயர் பில்லில் உள்ளதுதானா, ரேம் 16 ஜிபிதானா என்று பாருங்கள். ரேமின் வேகமும் அங்கேயே தெரியும். 3200 என்று விற்ற டிடிஆர்4 ரேம் 2133 அல்லது 2400-ல் ஓடிக்கொண்டிருந்தால் அது பழுதில்லை. பயாஸில் (கம்ப்யூட்டர் எழும்போது முதலில் ஓடும் அமைப்பு) ‘எக்ஸ்எம்பி’ என்ற ஒரே ஒரு தேர்வைப் போட்டால் சரியாகிவிடும். கடைக்காரரை அங்கேயே போட்டுத் தரச் சொல்லலாம்.

அடுத்து, பிள்ளைக்குப் பிடித்த விளையாட்டை இரண்டு மணி நேரம் தொடர்ந்து ஓட விடுங்கள். அணைந்து எழுந்தாலோ, திரையில் கட்டம் கட்டமாக வந்தாலோ, கருகின வாடை வந்தாலோ உடனே பிளக்கைப் பிடுங்கிவிட்டு மறுநாளே கடைக்குக் கொண்டுபோங்கள். முதல் சில நாட்களுக்குள் போனால் புதிய பாகமாகவே மாற்றித் தரும் கடைகள் உண்டு. தாமதித்தால் அது கம்பெனி வாரண்டிக்குப் போய்விடும், வாரக்கணக்கில் காத்திருக்க நேரும். அந்த முதல் சில நாட்கள் முடியும் வரை எந்தப் பாகத்தின் அட்டைப்பெட்டியையும் பழைய பேப்பர்க்காரருக்குப் போடாதீர்கள்.